முந்நூறு மீட்டர் தண்ணீர்

லேபிள் ஒட்டுவதில் ஸ்டிக்கரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது சம்பளச் சீட்டோடு சரி. கடல் ஆய்வுக்கூடத்தில் பதினைந்து வருடமாக டெக்னீஷியன் வேலை. கப்பலில் இருந்து வரும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனை மீட்டர் ஆழத்தில் எடுத்தது என்று எழுதி ஒட்டுவது அவள் பொறுப்பு. பழக்க தோஷம், வீட்டிலும் விடவில்லை. உப்பு டப்பாவில் உப்பு, சர்க்கரை டப்பாவில் சர்க்கரை, டிவி ரிமோட்டின் முதுகில் ரிமோட்.

"என் நெத்தியில எப்ப ஒட்டப் போற?" என்று கணவர் ஒருமுறை கேட்டார்.

"ஒட்டலாம். என்னன்னு எழுதறதுன்னுதான் யோசிச்சுட்டு இருக்கேன்."

அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, கணினியில் இதைப் படித்தாள்:

"கட்டுரை ஆசிரியர்கள் தரும் விளக்கம் சுவாரசியமானதுதான். ஆனால் அதைவிட எளிய விளக்கம் ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது இறக்கத்தில், முந்நூறு மீட்டர் என்று எழுதிய கேனில் மேல்மட்டத் தண்ணீரைப் பிடித்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை என்று ஆசிரியர்களால் காட்ட முடியுமா?"

எழுதியவர் யாரென்று தெரியாது. கட்டுரைகளைப் பத்திரிகைகள் இப்படித்தான் முகம் காட்டாத யாரோ ஒருவருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கும். பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம். ஸ்டிக்கருக்கு முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. "யாருய்யா இவன், என் கையைப் பத்திப் பேச" என்று வாய்விட்டே சொன்னாள். அடுத்த நிமிஷம் கோபம் இறங்கிவிட்டது. ஏனென்றால் அது ஒன்பதாவது இறக்கம், கப்பலில் இருந்து பாட்டில்களை ஒன்பதாவது தடவையாகக் கடலுக்குள் இறக்கிய நாள். வேறு எந்த இறக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் எழுந்து நின்று சண்டை போட்டிருப்பாள்.

கட்டுரை அண்ணியுடையது. ஸ்டிக்கரின் அண்ணன் மனைவி. பத்து வருடத்துக்கு முன்னால் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை விஞ்ஞானியாக வந்தபோது ஸ்டிக்கருக்கு அவள் 'மேடம்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடத்தை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதுதான் தப்பு. அண்ணன் பார்த்தான், மேடமும் பார்த்தாள், ஆறு மாதத்தில் மேடம் அண்ணி ஆகிவிட்டாள். ஸ்டிக்கர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இப்போது அந்தக் கட்டடத்தில் அறுபது வயதுக் காவல்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். இயக்குநர்கூட ஒரு கூட்டத்தில் வாய் தவறி அண்ணி என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணி நாலு வருடமாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். கடலின் மேல்மட்டத்தில், வெளிச்சம் படுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்து உடம்பாக்கிக்கொண்டு வாழ்கின்றன. அவை மேலேயே செத்தால் அந்தக் கார்பன் கொஞ்ச நாளில் திரும்பக் காற்றுக்கே போய்விடும். ஆழத்துக்குப் போய்ச் செத்தால், அங்கே இருட்டில் இருக்கிற வேறு நுண்ணுயிர்கள் தின்று செரித்தாலும், அது மேலே வந்து சேர வருடக்கணக்கில் ஆகும். எப்படி ஆழத்துக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. செத்தவை மெல்ல மெல்லத் தூசியாக உதிரும், அது எல்லோருக்கும் தெரியும். அண்ணி சொன்னது வேறு. குளிர்ந்த தண்ணீரும் வெதுவெதுப்பான தண்ணீரும் முட்டிக்கொள்கிற இடங்களில், கனமான குளிர்ந்த தண்ணீர் சரிவில் வழுக்குகிற மாதிரி வெதுவெதுப்பான தண்ணீருக்கு அடியில் போய்விடும். அதில் குடியிருக்கிற உயிர்களும் உயிரோடு, குடும்பத்தோடு, முந்நூறு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும் என்றாள்.

அதற்கு அவளிடம் இருந்த சாட்சி ஒன்றே ஒன்று. ஒன்பதாவது இறக்கத்தின் முந்நூறு மீட்டர் தண்ணீர். வெளிச்சத்தில் மட்டுமே வாழத் தெரிந்த உயிர்கள் அந்த இருட்டுத் தண்ணீரில் இன்னும் சாகாமல் இருந்தன. அந்தத் தண்ணீரைக் கேனில் பிடித்தது ஸ்டிக்கர்.

பிடிக்கும்போது அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் எடுக்கிற சட்டத்தில் வட்டமாகப் பன்னிரண்டு பாட்டில்கள் நிற்கும். ஒவ்வொன்றும் இடுப்பு உயரம், அடியில் தண்ணீர் பிடிக்க ஒரு குழாய். திறந்த வாயோடு கம்பியில் கட்டி இறக்குவார்கள். மேலே இழுக்கும்போதுதான் ஒவ்வோர் ஆழத்திலும் நிறுத்தி ஒவ்வொன்றாக மூடுவார்கள். அதனால் ஒன்றாம் எண்ணில் இருப்பது அடித் தண்ணீர், பன்னிரண்டாம் எண்ணில் இருப்பது மேல் தண்ணீர். அன்றைக்கு முந்நூறு மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஒன்று முந்நூறு மீட்டர், பன்னிரண்டு வெறும் ஐந்து மீட்டர். வட்டம் என்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் குழாய். எவ்வளவு பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்தாலும் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் ஒருமுறையாவது கவிழ்வார்கள். ஸ்டிக்கர் பதினைந்து வருடத்தில் கவிழ்ந்ததில்லை. ஆனால் அன்று கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. குழாயைத் திறந்தாள், வாளிக்கு ஓடினாள், திரும்பி வந்து மண்டியிட்டாள். எந்தக் குழாய் முன்னால் மண்டியிட்டாள்? தலைகீழாக நின்று யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. லேபிள் மட்டும் நேராக, அழகாக, முந்நூறு என்று ஒட்டியிருந்தது.

ஒரு வருடமும் இரண்டு மாதமும் இதை மென்று முழுங்கிக்கொண்டு இருந்தாள். தப்பாகப் பிடித்திருந்தால் அண்ணியின் நாலு வருடம் அவள் கையால் போயிற்று என்று அர்த்தம்.

புதன்கிழமை அண்ணி விடுப்பு. கடலையே அளக்கிறவள் வீட்டுச் சமையலறையில் குழாய் ஒழுகியது. பிளம்பர் வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று அண்ணன் ஸ்பேனரோடு சிங்குக்கு அடியில் புகுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அண்ணி, தண்ணீர் துடைத்த துண்டுகள் போக மிச்சம் இருந்த காய்ந்த துணிகளைச் சாப்பாட்டு மேஜையில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"வா. படிச்சியா அந்தக் கேள்வியை?" என்றாள்.

"படிச்சேன் அண்ணி." ஸ்டிக்கர் உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. "அன்னிக்கு நான் எந்தக் குழாயில பிடிச்சேன்னு எனக்குத் தெரியல."

"தெரியலன்னா?"

"வாந்தி எடுத்துட்டே இருந்தேன். நடுவுல நடுவுல போய்ப் பிடிச்சேன். ஒண்ணுல பிடிச்சேனா பன்னெண்டுல பிடிச்சேனான்னு சத்தியமா ஞாபகம் இல்ல. அப்பவே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

"அடிப்பாவி!" என்றது சிங்க்.

"நீங்க சும்மா இருங்க" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அண்ணி ஒரு சட்டையை மடித்தாள். இன்னொரு சட்டையை மடித்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது ஸ்டிக்கருக்கு. கடைசியில் அண்ணி மடித்ததையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளினாள்.

"சரி, சொல்லிட்ட இல்ல. கிளம்பு, ஆபீஸ் போய் சல்லடை சாரைப் பார்த்துட்டு வரலாம்."

"அவர்கிட்ட என்ன இருக்கு?"

"தண்ணி எடுக்கிற சட்டத்துலயே கருவி இருக்கு இல்லையா, போற வழியெல்லாம் உப்பையும் சூட்டையும் அளந்துட்டே போகுமே. ஒன்பதாவது இறக்கத்துல கடைசி நாப்பது மீட்டருக்கு அதுல ஒண்ணுமே இல்ல, காலி. கருவி மக்கர் பண்ணியிருக்கும்னு நானும் விட்டுட்டேன். ஏன் காலின்னு இன்னிவரைக்கும் கேக்கவே இல்ல பாரு, என் புத்திய என்ன சொல்றது."

கருவிகளில் இருந்து வரும் எண்களைச் சலித்து, குப்பையை எடுத்துவிட்டு, நல்லதை மட்டும் கொடுப்பவர் சல்லடை. அவர் அறையில் மூன்று திரைகள், ஒரு மின்விசிறி, விசைப்பலகை மேல் ஒரு சாப்பாட்டு டப்பா. இருவரும் உள்ளே நுழைந்ததும் டப்பாவை மூடினார்.

"கருவியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "அந்த நாப்பது மீட்டரை எடுத்தது நான்தான்."

"நீங்களா? எதுக்கு?" அண்ணியின் குரல் ஏறியது.

"வழக்கமா அந்த ஆழத்துல இருக்க வேண்டிய உப்புக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம். அப்படி வந்தா எடுத்துடணும்னு விதி."

"யார் போட்ட விதி அது?"

சல்லடை விசிறியைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. "அது வந்து… நீங்கதான் அண்ணி. முதல் பயணத்துல கருவியோட குழாய்க்குள்ள ஜெல்லி மீன் மாட்டிக்கிட்டு ரெண்டு நாளைக்குத் தாறுமாறா எண் வந்துச்சே. அப்ப மெயில் போட்டீங்க. வித்தியாசமா எது வந்தாலும் யோசிக்காம தூக்கிடுங்கன்னு."

அண்ணி அங்கிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நாலு வருடமாக வித்தியாசமான தண்ணீரைத் தேடி அலைந்தவள் அவள். வித்தியாசமானதையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னவளும் அவளே. "செருப்பால அடிக்கணும் என்னை" என்றாள்.

"மூல எண்கள் இருக்கு" என்றார் சல்லடை அவசரமாக. "நான் எதையும் அழிக்கிறதில்ல. ஒதுக்கி வைக்கிறதோட சரி."

திரையில் கோடு வந்தது. மேலே உப்பு, கிலோ தண்ணீருக்கு முப்பத்தைந்து புள்ளி நாலு கிராம். கீழே போகப் போக மெதுவாகக் குறைந்து முப்பத்தைந்துக்கு வந்தது. இருநூற்று அறுபது மீட்டரில் சட்டென்று ஒரு படி இறங்கி, முப்பத்து நாலு புள்ளி ஏழு. வெப்பநிலையும் அங்கேயே இறங்கியிருந்தது. ஆக்சிஜன் மட்டும் ஏறியிருந்தது, மேலே காற்று பட்ட தண்ணீரில் இருக்கிற அளவுக்கு. பக்கத்தில் எங்கோ குளிர்ந்த பகுதியின் மேல்மட்டத்தில் இருந்த தண்ணீர் அது. வெதுவெதுப்பான, உப்பு கூடின தண்ணீருக்கு அடியில் வழுக்கி வந்து படுத்திருந்தது.

அண்ணி திரையைத் தொட்டே பார்த்துவிட்டாள். "இருக்கு. இங்கதான் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரத்துக்கு அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கருவி மட்டும் போதாதா என்று அவள் நினைப்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஸ்டிக்கருக்குத் தெரியும், போதாது. "கடல் தப்பிச்சிருச்சு அண்ணி, நான் இன்னும் தப்பிக்கல" என்றாள். "அந்தத் தண்ணி கீழ இருந்தது நிஜம். ஆனா என் கேன்ல இருந்தது அதுதான்னு என்ன நிச்சயம்? உயிருங்களை எண்ணினது என் கேன்ல."

அண்ணி திரும்பினாள். "உன் கேன் தண்ணி மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஒவ்வொரு கேனில் இருந்தும் வடிகட்டிய தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி போட்டு இறுக்கி, குளிரறையில் வைத்துவிடுவது ஸ்டிக்கரின் வழக்கம். இத்தனை மாதத்தில் அதில் வேறு என்ன மாறியிருந்தாலும் உப்பு மாறியிருக்காது. மூடி இறுக்கமாக இருந்தால் உப்பு எங்கேயும் போகாது. அளந்து பார்த்து முப்பத்து நாலு புள்ளி ஏழு வந்தால் சரியான குழாய். முப்பத்தைந்து புள்ளி நாலு வந்தால் மேல்மட்டத் தண்ணீர், தப்பான குழாய். அதோடு கட்டுரை போச்சு.

குப்பி அறையின் சூட்டுக்கு வந்தால்தான் அளக்க முடியும். எடுத்து உப்புமானி பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஸ்டிக்கர் அன்று வீட்டில் உப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நின்றாள். கணவர் கேலி செய்ய வாயைத் திறந்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் இருவரும் வந்துவிட்டார்கள். ஆய்வறையில் வேறு யாரும் இல்லை.

"நீங்க அளங்க அண்ணி. என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

"எனக்கு இருக்கு. நீயே அளந்துடு. உன் கையை விட நல்ல கை இந்தக் கட்டடத்துல கிடையாது."

கேலி செய்கிறாளா என்று பார்த்தாள். அண்ணி கேலி செய்யவில்லை.

ஸ்டிக்கர் முதலில் அளவு தெரிந்த தண்ணீரை ஊற்றி உப்புமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தாள். காட்டியது. குப்பியின் ரப்பர் மூடியை நகத்தால் சோதித்தாள், சற்றும் அசையவில்லை. திறந்தாள். குழாயை மூன்று தடவை அந்தத் தண்ணீராலேயே அலசினாள். வழக்கமாக இதையெல்லாம் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செய்வாள். இன்றைக்கு மூச்சு விடுவதற்கே யோசனையாக இருந்தது. நாலாவது தடவை ஊற்றிவிட்டுக் குமிழைத் திருப்பினாள். எண்கள் அங்கும் இங்கும் ஓடின. முப்பத்து மூன்று, முப்பத்தாறு, முப்பத்தைந்து புள்ளி இரண்டு. அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற அளவுக்கு. முப்பத்தைந்து புள்ளி ஒன்று. முப்பத்து நாலு புள்ளி ஒன்பது. எண் இறங்கி, நின்று, ஒரு தடவை துடித்து, அசையாமல் உட்கார்ந்தது.

34.71.

"இன்னொரு தடவை" என்றாள் அண்ணி.

இன்னொரு தடவை ஊற்றினாள். 34.71. மூன்றாவது தடவை 34.72.

போன உயிர் திரும்பி வந்தது ஸ்டிக்கருக்கு. ஒரு வருடமும் இரண்டு மாதமும் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதை அவளால் உடம்பில் உணர முடிந்தது. வாந்தி எடுத்துக்கொண்டே, கண் இருட்டிக்கொண்டு, எந்தக் குழாய் என்று தெரியாமலேயே, அவள் கை சரியான குழாய்க்குப் போயிருக்கிறது. அண்ணி சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். "அந்த மதிப்பீட்டாளர் முகத்தை ஒரு தடவை பார்க்கணும் எனக்கு" என்றாள்.

"இப்பவே எழுதிடலாம் அண்ணி, சூடோட சூடா."

அண்ணி மடிக்கணினியை மேஜையில் வைத்துத் திறந்தாள். கண்ணாடியைத் தேடிக் கைப்பைக்குள் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில் திரையில் ஏற்கெனவே, இன்னும் அனுப்பாத ஒரு கடிதம் திறந்திருந்தது. படிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் ஸ்டிக்கர் படித்துவிட்டாள்.

"ஒன்பதாவது இறக்கத்தின் மாதிரியைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அன்று கடல் மோசமாக இருந்தது. அந்த நிலையில் தண்ணீர் எடுக்கச் சொன்னது முழுக்க என் முடிவு. பிழை நேர்ந்திருந்தால் அது என்னுடையது, உடன் பணிபுரிந்த யாருடையதும் அல்ல. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

மேலே தேதி இருந்தது. செவ்வாய்க்கிழமை.

"அண்ணி, நான் உங்ககிட்ட சொன்னது புதன்கிழமை."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கணினியை மூடப் போனாள், பிறகு வேண்டாம் என்று விட்டாள். "உன் மூஞ்சி அன்னிக்கு இருந்த இருப்பு எனக்குத் தெரியாதா? கேப்டன்கிட்ட சண்டை போட்டுக் கப்பலோட மூக்கை அலைக்கு நேரா திருப்பச் சொன்னேனே, யாருக்காகன்னு நினைச்ச? ஆட்டம் குறையட்டும்னுதான்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா நீ பயந்துபோய் சரியாத்தான் பிடிச்சேன்னு சொல்லியிருப்ப. நானும் நம்பியிருப்பேன். அப்புறம் நம்ம ரெண்டு பேரும் ஆயுசுக்கும் அந்தப் பொய்யோட குப்பை கொட்டணும். நீயா வந்து சொன்னா சொல்லட்டும்னு இருந்தேன்."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

"அதுக்குத்தான் இதை எழுதி வெச்சேன்."

ஸ்டிக்கர் முக்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். செவ்வாய்க்கிழமையில் இருந்து அடக்கிவைத்த அழுகை, அதற்கும் முன்னால் இருந்து அடக்கிவைத்ததும் சேர்ந்து வந்தது. சத்தம் கேட்டுச் சல்லடை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒருத்தி அழுகிறாள், இன்னொருத்தி அவள் முதுகைத் தடவிக்கொண்டு மூக்கை உறிஞ்சுகிறாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஆச்சு? தப்பாயிடுச்சா?"

"இல்ல இல்ல" என்றாள் அண்ணி. "சரியா இருக்கு. எல்லாமே சரியா இருக்கு."